ரிச்மண்டில் இரண்டு காலைகள்: கரிசலுக்கு அடியில் கடல் தேடிப் போகும் குடும்பங்களுக்கு

குயின்ஸ்லாந்து மாநிலத்தின் வடக்கே, டவுன்ஸ்வில் துறைமுகத்திலிருந்து மேற்கு நோக்கி ஏறத்தாழ 500 கி.மீ. உள்ளே போனால் ரிச்மண்ட் வரும். சில நூறு பேர் வாழும் மாட்டுப்பண்ணை ஊர். சுற்றிலும் புல்வெளி, கீழே கரிசல் மண். அந்த மண்ணுக்கு அடியில் ஒரு கடல் கிடக்கிறது. 10 கோடி, 11 கோடி ஆண்டுகளுக்கு முன்பு எரோமங்கா கடல் என்ற ஆழமில்லாத கடல் ஆஸ்திரேலியாவின் நடுப்பகுதியை மூடியிருந்தது. அதில் நீந்திய மீன், ஆமை, கடல் ஊர்வன எல்லாம் புதைபடிவங்களாகிவிட்டன. சாலைக்குக் கல் எடுத்த பள்ளங்களில் இன்றைக்கும் அவை குழந்தைகள் கையில் அகப்படுகின்றன.

இங்கே வரும் குடும்பங்களில் பல ஒரே தவறைச் செய்கின்றன. மவுன்ட் ஐசாவுக்கோ வின்டனுக்கோ போகிற வழியில் வண்டியை நிறுத்துகிறார்கள். அருங்காட்சியகத்தை ஒன்றரை மணி நேரத்தில் பார்த்து, வாசலில் நிற்கும் ராட்சத குரோனோசாரஸ் (பழங்காலக் கடல் ஊர்வன) உருவத்தோடு படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். ரிச்மண்டில் இரண்டு இரவு தங்க வேண்டும். இரண்டு காலை பள்ளத்தில் இறங்கித் தேட வேண்டும். முதல் காலையில் யார் கண்ணுக்கும் எல்லாம் வெறும் கல்லாகத்தான் தெரியும். பொறுக்கியதை அன்று சாயங்காலம் கழுவிப் பார்த்து, அருங்காட்சியகத்தில் இருப்பதோடு ஒப்பிட்ட பிறகுதான் கண் பழகும். மறுநாள் அதே பள்ளத்தில் எட்டு வயதுப் பிள்ளை பத்து நிமிடத்தில் மீன் செதிலை எடுத்து நீட்டும். எந்த மாதம் போவது, எத்தனை மணிக்குப் புறப்படுவது, டயரையும் தண்ணீரையும் எப்படிப் பார்த்துக்கொள்வது என்ற கணக்கெல்லாம் அந்த இரண்டு காலைகளைக் காப்பாற்றத்தான்.

மாதமும் மண்ணும்

மே முதல் ஆகஸ்ட் வரை நல்ல காலம். பகலில் 25 முதல் 30 டிகிரி இருக்கும். இரவில் 10 டிகிரிக்குக் கீழேயும் இறங்கும். பாலைவெளி என்றால் வெயில்தானே என்று ஒற்றைப் போர்வையோடு வந்தால் கூடாரத்தில் பிள்ளைகள் தூங்கமாட்டார்கள், மறுநாள் காலை வீணாகும். ஆளுக்கு ஒரு கம்பளியும் காதை மூடும் குல்லாவும் வையுங்கள். அக்டோபரிலேயே காலை ஒன்பதரைக்குக் கல் சுட ஆரம்பித்துவிடும். டிசம்பர், ஜனவரியில் 40 டிகிரி சாதாரணம். அந்த மாதங்களில் குழந்தைகளைப் பள்ளத்தில் இறக்கவே கூடாது.

நவம்பர் முதல் மார்ச் வரை மழைக்காலம். 2019 பிப்ரவரியில் நாள்கணக்கில் கொட்டிய மழையில் ரிச்மண்ட், ஜூலியா கிரீக் வட்டாரத்தில் லட்சக்கணக்கான மாடுகள் செத்தன, ரயில் பாதை அடித்துக்கொண்டு போனது. அவ்வளவு பெரிய வெள்ளம் வர வேண்டும் என்பதில்லை. கோவில்பட்டிப் பக்கத்தில் வளர்ந்தவர்களுக்குக் கரிசலைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. இங்கேயும் அதே குணம்தான். ஒரு நல்ல மழை பெய்தால் தார்ச்சாலையை விட்டு இறங்கிய வண்டி நூறு மீட்டர்கூடப் போகாது. மண் டயரில் அப்பிக்கொண்டே வந்து சக்கர வளைவை நிரப்பி, கடைசியில் சக்கரத்தையே சுற்றவிடாமல் இறுக்கிவிடும். ஃபோர் வீல் டிரைவ் வண்டியும் இதற்கு விலக்கல்ல. மழை நின்று வெயில் அடித்தாலும் மேல்தோல்தான் காயும், உள்ளே குழைவாகவே இருக்கும். பயண வாரத்தில் மழை வந்தால் அருங்காட்சியகத்தில் பாதை நிலவரம் கேட்காமல் மண் சாலையில் இறங்காதீர்கள். நெடுஞ்சாலை நிலவரத்தை 13 19 40 என்ற எண்ணில் கேட்கலாம். மூடிய சாலையில் வண்டி ஓட்டினால் அபராதம் உண்டு.

ஜூன், ஜூலை பள்ளி விடுமுறையில் போவதானால் கேரவன் பார்க்கில் இடத்தை முன்கூட்டியே பிடித்துவிடுங்கள். தெற்கே குளிருக்குத் தப்பி வடக்கே வரும் கேரவன்காரர்கள் எல்லா இடத்தையும் நிரப்பியிருக்கும் காலம் அது.

சாலை

டவுன்ஸ்வில்லிலிருந்து சார்ட்டர்ஸ் டவர்ஸ் 135 கி.மீ. அங்கிருந்து ஹியூகென்டன் சுமார் 250 கி.மீ. ஹியூகென்டனிலிருந்து ரிச்மண்ட் சுமார் 115 கி.மீ. முழுக்கத் தார்ச்சாலை, சாதாரணக் கார் போதும். ஒரே நாளில் ஓட்டிவிடலாம் என்று வரைபடம் ஆசை காட்டும். பிள்ளைகளோடு போகிறவர்கள் முதல் இரவை ஹியூகென்டனில் கழிப்பது நல்லது. காரணம் சூரியன். டவுன்ஸ்வில்லில் காலை ஏழு, ஏழரைக்குக் கிளம்பினால் முற்பகல் முழுதும் வெயில் முதுகுப் பக்கம் இருக்கும். மதியம் இரண்டுக்கு மேல் மேற்கே ஓட்டினால் கண்ணுக்கு நேரே இறங்கும். சாயங்காலம் ஐந்து மணியிலிருந்து கங்காருக்கள் சாலையோரப் புல்லுக்கு வரத் தொடங்கும். ஜூனில் ஆறு மணிக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடும். ஆகவே பொழுது நன்றாக விடிந்ததிலிருந்து மாலை நான்கரை வரைதான் ஓட்டும் நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாடகை வண்டி என்றால் ஒப்பந்தத்தை வரி வரியாகப் படியுங்கள். ஊருக்கு வெளியே இரவில் ஓட்டக் கூடாது, மண் சாலையில் இறக்கக் கூடாது என்ற நிபந்தனைகள் பலவற்றில் உண்டு. மீறினால் காப்பீடு செல்லாது.

கங்காரு குறுக்கே வந்தால் நேராகப் பிரேக் போடுங்கள், ஸ்டீயரிங்கை ஒடிக்காதீர்கள். ஒடித்துத்தான் வண்டிகள் கவிழ்கின்றன. சாலையில் செத்த விலங்கைக் கண்டால் நூறு இருநூறு மீட்டர் முன்பே வேகத்தைக் குறைத்து ஹார்ன் அடியுங்கள். அதைத் தின்னும் ஆப்புவால் கழுகு கனமான பறவை, எழும்ப நேரம் எடுக்கும். சில சமயம் வண்டியின் பக்கமாகவே எழும்பும்.

அடுத்தது ரோடு ட்ரெயின். மூன்று நான்கு டிரெய்லர் கோத்த லாரி, 53.5 மீட்டர் வரை நீளம். முந்துவதற்கு முன் ஒரு கணக்கு: அது மணிக்கு 90 கி.மீ., நீங்கள் 110 கி.மீ. என்றால் வித்தியாசம் 20 கி.மீ., நொடிக்கு ஐந்தரை மீட்டர்தான். அதன் நீளம், பின்னால் விட்ட இடைவெளி, முன்னால் ஒதுங்கத் தேவையான இடைவெளி எல்லாம் சேர்த்து 120 மீட்டர் கடக்க 21, 22 நொடி ஆகும். அதற்குள் நீங்கள் 660 மீட்டர் போயிருப்பீர்கள். எதிரே வரும் வண்டியும் அதே தூரம் வந்திருக்கும். ஆக, கண்ணுக்குத் தெளிவாக 1.3 கி.மீ. வெற்றுச் சாலை தெரிய வேண்டும். வேக வரம்பு 100 ஆக இருக்கும் இடத்தில் இந்தக் கணக்கு இன்னும் மோசமாகும். அங்கே பின்னாலேயே போங்கள், அடுத்த ஊரில் தேநீருக்கு நிறுத்துங்கள். யூஎச்எஃப் ரேடியோ இருந்தால் 40ஆம் அலைவரிசையில் ஓட்டுநரைக் கேட்கலாம், பெரும்பாலும் நல்லபடியாகப் பதில் சொல்வார்கள்.

பெட்ரோல் பாதிக்கு வந்தால் நிரப்புவது என்பதைப் பழக்கமாக்குங்கள். நடுவில் பென்ட்லாண்ட், டாரன்ஸ் கிரீக் போன்ற சிற்றூர்களில் நிலையம் இருந்தாலும் திறந்திருக்கும் நேரம் மாறும். 100 கி.மீ.க்கு 10 லிட்டர் குடிக்கும் வண்டி, கூரைப் பெட்டியும் எதிர்க்காற்றும் சேர்ந்தால் 12 லிட்டர் குடிக்கும். ஊர்களுக்கு இடையே கைப்பேசி பெரும்பாலும் ஊமை. உள்நாட்டில் டெல்ஸ்ட்ராவின் சமிக்ஞைதான் அதிக இடங்களில் கிடைக்கும். வரைபடத்தை முன்பே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். குடிநீர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 லிட்டர். நான்கு பேர் குடும்பத்துக்கு இரண்டு 20 லிட்டர் கேன், அதற்கு மேல் வண்டி நின்றுபோனால் உதவ 10 லிட்டர் தனியாக. கேனை ஒரே பெரிய கலமாக வாங்காதீர்கள். ஒன்று ஒழுகினால் மற்றது இருக்க வேண்டும்.

இங்கே டயரைப் பஞ்சராக்கும் மரம் நம் மரம். 1890களில் நிழலுக்கும் தீவனத்துக்கும் என்று கொண்டுவந்து நட்ட கருவேலம் இன்று குயின்ஸ்லாந்தின் புல்வெளிகளை விழுங்கிக்கொண்டிருக்கிறது. சீமைக்கருவேலம் அல்ல, நாம் பல் துலக்குகிற, கோந்து எடுக்கிற அதே நாட்டுக் கருவேலம், இந்திய வகை. தேசிய அளவில் களைப்பட்டியலில் சேர்த்து ஒழிக்கப் பாடுபடுகிறார்கள். 5 செ.மீ. தாண்டும் அதன் முள் டயரையும் செருப்பையும் துளைக்கும். மரமில்லாத வெளியில் நிழலைக் கண்டதும் அதன் அடியில் வண்டியைவிடத் தோன்றும். விடாதீர்கள். முழு அளவு ஸ்டெப்னி டயர், பஞ்சர் பிளக் செட், சிறு கம்ப்ரசர், ஜாக்கியின் அடியில் வைக்க ஓரடிச் சதுரப் பலகை வேண்டும். பலகை இல்லாவிட்டால் கரிசலில் வண்டி உயராது, ஜாக்கிதான் கீழே போகும். காற்றழுத்தத்தைக் காலையில் டயர் சூடாகும் முன் பாருங்கள். ஓடிச் சூடான டயரில் அளவு கூடுதலாகக் காட்டும். அதை நம்பிக் காற்றை இறக்கினால் ஆறியபின் டயர் தளர்ந்துபோகும்.

இரண்டாம் நாள் காலையில் ஹியூகென்டனுக்கு வடக்கே ஒரு மணி நேர ஓட்டத்தில் உள்ள பார்க்யுபைன் பள்ளத்தாக்கைப் பார்த்துவிடலாம். இறங்குவது எளிது, வெயிலில் ஏறுவதுதான் பாடு. எட்டரைக்குள் இறங்கத் தொடங்குங்கள். ஊரில் ஃபிளிண்டர்ஸ் டிஸ்கவரி சென்டரில் மட்டாபரசாரஸ் என்ற தாவர உண்ணி டைனோசரின் எலும்புக்கூட்டு வார்ப்பு நிற்கிறது, அரை மணி போதும். மதிய உணவு முடித்துக் கிளம்பினால் இரண்டரைக்குள் ரிச்மண்ட்.

அருங்காட்சியகம்: கண்ணைப் பழக்கும் இடம்

குரோனோசாரஸ் கார்னர் என்பது அருங்காட்சியகத்தின் பெயர். ஊரின் சுற்றுலாத் தகவல் மையமும் அதே கட்டடம்தான். வந்து சேர்ந்த அன்று பிற்பகலே உள்ளே போய்விடுங்கள். நாளை தேட வேண்டியது எப்படி இருக்கும் என்று இன்றைக்கே பார்த்துவைப்பதற்குத்தான்.

குரோனோசாரஸ் பத்து மீட்டர் அளவுள்ள, குட்டைக் கழுத்தும் பெருந்தலையும் கொண்ட கடல் வேட்டை விலங்கு. 1899இல் ஹியூகென்டன் பக்கம் கிடைத்த ஒரு தாடைத் துண்டை வைத்து 1924இல் ஹீபர் லாங்மன் என்ற ஆய்வாளர் பெயரிட்டார். 1930களின் தொடக்கத்தில் ஹார்வர்டிலிருந்து வந்த குழு ரிச்மண்டுக்கு வடக்கே ஒரு பண்ணையில் பெரிய எலும்புக்கூட்டை வெடிவைத்துப் பெயர்த்து அமெரிக்காவுக்குக் கொண்டுபோனது. அது 1959இல்தான் காட்சிக்கு வந்தது. இல்லாத பாகங்களைப் பிளாஸ்டரால் நிரப்பியதில் நீளம் உண்மையைவிடக் கூடிவிட்டது என்பது பிற்கால ஆய்வாளர்களின் முடிவு. இந்தக் கதையைப் பிள்ளைகளிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். ஒரு விலங்கின் அளவையே தவறாக எண்ணவைத்தது அவசரம். மறுநாள் சுத்தியலை ஓங்கும்போது நினைவுக்கு வரும்.

இரண்டு படிவங்களிடம் நேரம் செலவிடுங்கள். 1989இல் மராத்தான் பண்ணையில் கிடைத்த குன்பராசாரஸ், உடலெங்கும் எலும்புக் கவசம் பூண்ட தாவர உண்ணி. உள்ளூர் மாயி மொழியில் குன்பரா என்றால் கேடயம். தரை விலங்கு கடல்படிவில் எப்படி வந்தது என்று பிள்ளைகள் கேட்பார்கள்: பிணம் கடலுக்கு மிதந்து வந்து மூழ்கியது. அதன் வயிற்றில் கடைசியாகத் தின்ற விதைகளும் இலைத்துணுக்குகளும்கூடத் தங்கியிருந்தன. மற்றொன்று ஏறக்குறைய முழுமையாகக் கிடைத்த குட்டைக்கழுத்து பிளீசியோசார், துடுப்புக் கால் கொண்ட கடல் ஊர்வன.

பிறகு சிறிய கண்ணாடிப் பெட்டிகளுக்கு வாருங்கள். எல்லாரும் வேகமாகக் கடந்துபோவது இந்தப் பெட்டிகளைத்தான். மறுநாள் நீங்கள் எடுக்கப்போவதும் இவற்றில் இருப்பதைத்தான்: மீன் செதில், முதுகெலும்பு வில்லை, சுறாப் பல், பெலெம்னைட், இனோசெராமஸ் சிப்பித் துண்டு. ஒவ்வொன்றையும் கைப்பேசியில் படமெடுத்துக்கொள்ளுங்கள், பள்ளத்தில் ஒப்பிட உதவும். கிளம்பும் முன் முகப்பில் மூன்றைக் கேளுங்கள்: தேடும் இடங்களின் வரைபடம், இப்போது தேவைப்படும் அனுமதி, எதை வைத்துக்கொள்ளலாம் எதைக் காட்ட வேண்டும் என்ற விதி. குயின்ஸ்லாந்தில் கல் பொறுக்குவதற்கான உரிமம் குடும்பத்துக்கு என்றே தனியாக உண்டு, ஒரு மாதத்திற்கும் எடுக்கலாம். ஆனால் முதுகெலும்புள்ள விலங்குகளின் புதைபடிவம் அந்த உரிமத்தில் அடங்காது. ஆகவே இந்தப் பள்ளங்களைப் பொறுத்தவரை அருங்காட்சியகத்தார் சொல்வதே விதி.

பள்ளத்தில்

பொதுமக்கள் தேடலாம் என்று விட்டிருக்கும் இடங்கள் ஊருக்கு வடக்கே பத்துப் பன்னிரண்டு கி.மீ. தள்ளி, சாலைக்குக் கல் எடுத்த பழைய பள்ளங்கள். நிழல் இல்லை, கழிப்பறை இல்லை, தண்ணீர் இல்லை. ஜூனில் ஏழு மணிக்கு விடியும், ஏழரைக்கு அங்கே இருங்கள். சாய்வெயிலில்தான் செதிலின் பளபளப்பும் கல்லின் மேடுபள்ளமும் நிழலோடு தெரியும். பத்தரைக்கு மேல் வெளிச்சம் உச்சியிலிருந்து விழ ஆரம்பித்தால் எல்லாக் கல்லும் ஒரே வெள்ளையாகிவிடும். பிள்ளைகளின் பொறுமையும் அதற்கு மேல் தாங்காது.

கொண்டுபோக வேண்டியவை: 600 கிராம் அளவுள்ள கல் சுத்தியல், அரை அங்குல உளி, முக்கால் அங்குல உளி, ஆளுக்கொரு பாதுகாப்புக் கண்ணாடி, கையுறை, இரண்டு அங்குலப் பெயின்ட் பிரஷ், பழைய பல் துலக்கி, மூங்கில் குச்சி, பத்து மடங்கு லென்ஸ், தண்ணீர் தெளிப்பான், முட்டை அட்டை, செய்தித்தாள், டாய்லெட் பேப்பர் ஒரு சுருள், ஜிப் பை, அழியாத மார்க்கர். தச்சுச் சுத்தியல் வேண்டாம். கல்லில் அடித்தால் அதன் முகம் சில்லுச் சில்லாகத் தெறிக்கும், கண்ணுக்கு ஆபத்து. ஆறு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு வாளியும் பிரஷும் மட்டும். மேலே கிடப்பதைப் பொறுக்குவதே அவர்கள் வேலை, அதில் பெரியவர்களைவிட அவர்கள் கெட்டிக்காரர்கள், தரைக்கு அருகில் இருப்பதால். மூடிய ஷூ கட்டாயம். முள்ளும் உண்டு, பாம்பும் உண்டு. கல்லைப் புரட்டும்போது தொலைவிலுள்ள விளிம்பைத் தூக்குங்கள். கல் உங்களுக்கும் அடியில் இருப்பதற்கும் நடுவே கேடயமாக நிற்கும். ஈக்களுக்கு முகவலை வாங்கிக்கொள்ளுங்கள். அது இல்லாமல் அரை மணி நேரத்தில் குழந்தைகள் வண்டிக்கு ஓடுவார்கள்.

முதல் கால் மணி நேரம் சுத்தியலைத் தொடாதீர்கள். முன்பு வந்தவர்கள் உடைத்துப் போட்ட குவியலையும் மழை கழுவிய சரிவையும் குனிந்து பாருங்கள். காபி மிட்டாய் நிறத்தில், விரல் நகம் அளவில் பளபளப்பது மீன் செதில். நடு இடுங்கி இரு முனையும் அகன்ற நூற்கண்டு போன்ற சிறு வில்லை மீனின் முதுகெலும்பு. இரு பக்கமும் குழிந்த கேரம் காய் போன்ற பெரிய வட்டு கிடைத்தால் அது இக்தியோசார் என்ற மீன் வடிவக் கடல் ஊர்வனவினுடையதாக இருக்கலாம். ஓட்டுச் சில்லு மாதிரி தட்டையாகக் கிடப்பது இனோசெராமஸ். உடைந்த விளிம்பை லென்ஸில் பார்த்தால் ஊசிகளை நிறுத்தி அடுக்கியதுபோல் இருக்கும். துப்பாக்கித் தோட்டா வடிவில் இருப்பது பெலெம்னைட், கணவாயின் உறவு. அரியலூர் வட்டாரத்தில் காரை கிராமத்துச் செம்மண் மேடுகளைப் பார்த்தவர்களுக்கு இந்தத் தோட்டாக்கல் பழக்கமானது. அங்கே உள்ள படிவுகளின் அடிப்பகுதியும் ஏறக்குறைய இதே காலத்துக் கடல். இக்தியோசார் எலும்பு அங்கும் கிடைத்திருக்கிறது.

ஏமாற்றுபவையும் உண்டு. பளிச்சென்று மின்னினால் பெரும்பாலும் ஜிப்சம் படிகம். நகத்தால் கீறிப் பாருங்கள், ஜிப்சமில் கோடு விழும், செதிலில் விழாது. எலும்பா கல்லா என்று ஐயம் வந்தால் தண்ணீர் தெளித்து லென்ஸில் உடைந்த முகத்தைப் பாருங்கள்: எலும்புக்குள் ரொட்டித் துண்டுபோல நுண்துளைகள் இருக்கும், கல்லுக்குள் மணல் போன்ற துகள்தான் இருக்கும்.

பலகைக் கல்லைப் பிளக்கும் முறை ஒன்றுதான். கல்லைப் படுக்க வைத்து நடுவில் அடித்தால் குறுக்கே உடைந்து உள்ளிருப்பதும் நொறுங்கும். செங்குத்தாக நிறுத்தி, முழங்காலிடையே சாக்கில் பிடித்து, விளிம்பில் தெரியும் அடுக்குக் கோட்டில் உளியை வைத்து மெல்லத் தட்டுங்கள். ஒரே இடத்தில் நில்லாமல் சுற்றி வந்து தட்டுங்கள். அடியின் ஒலி கணீரென்பதிலிருந்து மந்தமாக மாறினால் அடுக்கு விட்டுவிட்டது என்று பொருள். இனி உளியைத் திருகினால் போதும், புத்தகம்போல் திறக்கும். இரண்டு பக்கத்தையும் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் செதில் என்றால் மற்றதில் அதன் அச்சு, இரண்டும் சேர்ந்தால்தான் மதிப்பு.

உருண்டைக் கற்கள் தனி. ஊருக்குள் நிலாக்கல் என்று அழைத்து ஆங்காங்கே காட்சிக்கு வைத்திருக்கும் பெரிய சுண்ணாம்புக் கோளங்களின் குட்டிகள் போல இவை கிடக்கும். கடலடிச் சேற்றில் ஓர் உடல் அழுகும்போது அதைச் சுற்றியுள்ள நீரின் வேதியியல் மாறி, கால்சியம் கார்பனேட் அங்கே படிந்து இறுகும். மேலே படிவு ஏறி நசுக்குவதற்கு முன்பே ஓடு உருவாகிவிடுவதால் உள்ளே இருப்பது தட்டையாகாமல் முழு உருவத்தோடு தங்கும். எல்லா உருண்டைக்குள்ளும் ஏதாவது இருக்கும் என்பதில்லை. மேற்பரப்பில் எலும்பின் குறுக்குவெட்டு தெரிந்தால் உடைக்கவே வேண்டாம், அருங்காட்சியகத்துக்குச் சொல்லுங்கள்.

அதே விதி வரிசையாகக் கிடக்கும் எலும்புகளுக்கும். இரண்டு மூன்று வில்லை ஒரு கோட்டில் இருந்தாலோ, கை அகல எலும்பு மண்ணுக்குள் போனாலோ, சுத்தியலைக் கீழே வையுங்கள். மார்க்கரையோ நாணயத்தையோ பக்கத்தில் வைத்து அளவு தெரியப் படமெடுங்கள், பின்னால் தள்ளி நின்று சுற்றுப்புறம் தெரிய இன்னொரு படம். கைப்பேசியில் இடக்குறியைச் சேமியுங்கள். மேலே மண்ணைத் தூவி மூடிவிட்டு ஊருக்குத் திரும்புங்கள். இது வீண் எச்சரிக்கை அல்ல. 2011இல் ரிச்மண்டுக்கு வடமேற்கே ஒரு கல் பள்ளத்தில் உள்ளூர்த் தேடல்காரர் லென் ஷா எடுத்த தாடைத் துண்டுதான் 2021இல் தபுன்ங்காகா ஷாவி என்ற புதிய பறக்கும் ஊர்வனவாகப் பெயர் பெற்றது. சிறகு விரிப்பு ஏழு மீட்டர் அளவுக்கு இருக்கும் என்று கணிக்கிறார்கள். வனமாரா பழங்குடி மக்களின் மொழியில் தபுன் ஈட்டி, ங்காகா வாய். பொழுதுபோக்காகத் தேடும் ஒருவர் கண்டு ஒப்படைத்ததால் வந்த பெயர் அது. இவ்வட்டாரத்தின் நல்ல கண்டுபிடிப்புகளில் பல பண்ணைக்காரர்களும் இவர் போன்றவர்களும் தந்தவைதான்.

எடுத்ததை அங்கேயே சுற்றுங்கள். டாய்லெட் பேப்பர் முதலில், அதற்கு மேல் செய்தித்தாள், பிறகு பை. செதிலின் மேல் நேரே செய்தித்தாளை அழுத்தினால் ஓரம் பெயரும். விரிசல் விட்டதைச் சூப்பர் குளூவால் ஒட்டத் தோன்றும். ஒட்டினால் பிறகு பிரிக்கவோ சுத்தம் செய்யவோ முடியாது, துண்டுகளை ஒரே பையில் அப்படியே வையுங்கள். ஒவ்வொரு பைக்குள்ளும் ஒரு சீட்டு: எந்தப் பள்ளம், எந்தச் சரிவு, தேதி, கண்டவர் பெயர். பையின் மேல் எழுதுவது வண்டிக்குள் உரசி அழியும். சீட்டில்லாத படிவம் வெறும் அழகான கல்லாகிவிடும்.

பதினொரு மணிக்கு ஊருக்குள் ஃபிரெட் டிரிட்டன் ஏரி. ஊரார் வெட்டிய செயற்கை ஏரி, குளிக்கலாம், பிள்ளைகளுக்கு நீர் விளையாட்டிடம் இருக்கிறது. புளியோதரையும் எலுமிச்சைச் சாதமும் இந்தப் பயணத்துக்கு வாகானவை. தயிர்ச்சாதம் கொண்டுவந்தால் ஐஸ் பெட்டியின் அடியில் வைத்து அன்றைக்கே முடித்துவிடுங்கள். காய்கறியை டவுன்ஸ்வில்லிலேயே வாங்கிக்கொள்வது நல்லது, உள்ளே போகப் போகத் தெரிவு குறையும். கேரவன் பார்க்கில் மின்சாரம் உள்ள இடமாகக் கேட்டு வாங்கினால் ரைஸ் குக்கர் போதும்.

வீட்டில் சுத்தம் செய்தல், பிறகு திரும்பும் வழி

சுண்ணாம்புக் கல்லில் பதிந்த செதிலைச் சமையல் வினிகரால் வெளிக்கொணரலாம். அருங்காட்சியகங்களும் நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத்தான் பயன்படுத்துகின்றன. சுண்ணாம்புக் கல் கால்சியம் கார்பனேட், வினிகரில் கரையும். எலும்பும் செதிலும் கால்சியம் பாஸ்பேட், நீர்த்த வினிகருக்கு ஓரளவு தாங்கும். சிப்பியும் பெலெம்னைட்டும் அம்மோனைட் என்ற சுருள் ஓடும் கார்பனேட்தான். அவற்றை வினிகரில் போட்டால் கண்ணெதிரே கரைந்துவிடும், பல பிள்ளைகளின் முதல் சேகரிப்பு இப்படித்தான் போயிருக்கிறது. வினிகரும் தண்ணீரும் சமபாகம். இரண்டு மணி நேரம் ஊறவிட்டு, அதைப்போல் மூன்று மடங்கு நேரம் நல்ல தண்ணீரில், தண்ணீரை மாற்றி மாற்றி வையுங்கள். சரியாகக் கழுவாவிட்டால் கால்சியம் அசிட்டேட் உப்பு உள்ளே பூத்து, காய்ந்ததும் எலும்பை உதிர்த்துவிடும். இரவு முழுக்க ஊறவைப்பது வேண்டாம். முதலில் உடைந்த, வேண்டாத துண்டில் செய்து பாருங்கள்.

இந்தியாவுக்கு வரும்போது தாத்தா பாட்டிக்குக் காட்டலாம் என்று இவற்றை விமானப் பெட்டியில் போடாதீர்கள். 1986ஆம் ஆண்டின் அசையும் பண்பாட்டு மரபுரிமைச் சட்டத்தின்படி ஆஸ்திரேலியாவிலிருந்து புதைபடிவத்தை வெளியே கொண்டுபோக அனுமதி தேவைப்படும். முன்பே விசாரித்துவிட்டுச் செய்யுங்கள்.

இரண்டாம் காலையை ஒன்பதேகால் மணிக்கு முடித்துக்கொள்ளுங்கள். ஐயமான துண்டுகளை அருங்காட்சியகத்தில் காட்டுங்கள், நேரமிருந்தால் பொறுமையாகப் பார்த்துச் சொல்வார்கள். பத்தேகால் மணிக்குப் புறப்பட்டால் கிழக்கே திரும்பும் சாலையில் வெயில் தலைக்கு மேலேறி, பிறகு முதுகுக்குப் போய்விடும். 365 கி.மீ., இரண்டு நிறுத்தம் சேர்த்து நான்கரைக்குள் சார்ட்டர்ஸ் டவர்ஸ். கங்காருக்கள் வெளியே வருவதற்கு முன்பே வண்டியை நிறுத்திவிடலாம்.